65 இன்ச் டிவி: வாங்குவதும் வைத்துப் பார்ப்பதும்

பதினோரு அடிக்குப் பதினாறு அடி ஹால். பழைய 43 இன்ச் டிவி போய்விட்டது. 55 போதுமா, 65-க்குப் போகலாமா? ஓஎல்இடியா, க்யூஎல்இடியா? ஸ்டெபிலைசர் தேவையா, சுவரில் மாட்டலாமா? அப்பா கேபிளில் செய்தியும் சீரியலும் பார்ப்பவர், பிள்ளைகளுக்கு ஓடிடி, கிரிக்கெட் என்றால் மொத்தக் குடும்பமும் உட்காரும். இதுதான் நீங்கள் கேட்டது.

நான் மதுரையில் கிட்டத்தட்ட இருபது வருடமாக டிவி பழுது பார்க்கிறவன். கடைக்காரர் டிவியைப் புதுசில் பார்க்கிறார், நான் அது படுத்த பிறகு பார்க்கிறேன். அதனால் என் பதில் கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கும்.

2006-க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வந்ததே, அந்த 14 இன்ச் பெட்டிகளில்தான் நான் கை பழகினேன். ஃப்ளைபேக் போகும், கெப்பாசிட்டர் உப்பும், ஐசி சூடேறிச் சாகும். சில நூறு ரூபாயில் மறுபடி ஓடவிட்டுவிடலாம். பிக்சர் டியூப் போவது அபூர்வம். இன்றைக்கு நிலைமை தலைகீழ். பவர் போர்டை மாற்றலாம், மெயின் போர்டை மாற்றலாம், திரைக்குப் பின்னால் எரிகிற பேக்லைட் பட்டியை மாற்றலாம். முன்னால் இருக்கிற பேனல் போனால் மட்டும் கதை முடிந்தது. அதன் விலையைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் போட்டுப் புது டிவியே வாங்கிவிடலாமே என்று நீங்களே சொல்வீர்கள். கண்ணாடிதான் டிவி. இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் கண்ணாடியை எப்படித் தேர்வு செய்வது, எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

முதலில் அளவு. ஹாலின் நீள அகலம் எனக்கு முக்கியமில்லை. டிவி வரப்போகும் சுவரிலிருந்து சோபாவில் சாய்ந்து உட்காருகிறவரின் கண் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். பதினோரு அடி ஹாலில் சோபாவின் கனம் போக ஒன்பது அடி வரும். டிவி அளவை இன்ச்சில் எடுத்து 1.6-ஆல் பெருக்கினால் வசதியான தூரம் கிடைக்கும். 55-க்கு 88 இன்ச், அதாவது ஏழடி நாலு இன்ச். 65-க்கு 104, எட்டடி எட்டு இன்ச். 75-க்கு சரியாகப் பத்தடி. உங்கள் ஒன்பது அடிக்கு 65 பொருந்துகிறது. இதைவிடக் கிட்டே உட்கார்ந்தாலும் 4கே படத்தில் புள்ளி தெரியாது, கண்ணும் கெட்டுப்போகாது. ஆனால் கேபிள் படம் பல்லிளிக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கணக்கை நம்பாவிட்டால் பழைய செய்தித்தாள்களை ஒட்டி 144 சென்டிமீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு செவ்வகம் வெட்டுங்கள். 65 இன்ச் திரையின் அளவு அதுதான். அதைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். 'ஐயோ, சுவர் முழுக்க அடைக்குதே' என்று வீட்டில் சத்தம் வந்தால் அது காகிதத்தோடு போகட்டும். 55-க்கு 122-க்கு 69. இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பரப்பில் 65 என்பது 55-ஐவிட நாற்பது சதவீதம் பெரியது. பெட்டியில் 163 அல்லது 164 செ.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள், அதுவும் 65 இன்ச்தான், ஏமாற்று இல்லை.

இப்போது அப்பாவின் கேபிள். பழைய எஸ்டி, அதாவது எச்டி இல்லாத சாதாரண செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள், மொத்தம் நாலு லட்சத்துப் பதினாலாயிரம் சொச்சம். 4கே பேனலில் இருப்பது 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளியை இருபதாக இழுத்து நிரப்புகிறது டிவி. ஒரு குழம்பை இருபது பேருக்கு நீட்டினால் எப்படியிருக்கும்? சீரியல் நாயகியின் முகம் மெழுகுபொம்மை மாதிரி இருக்கும், செய்தியின் கீழே ஓடும் எழுத்து முள்முள்ளாய் நிற்கும். புது டிவி வாங்கிய மறுநாள் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான்: "அண்ணே, எழுபதாயிரம் குடுத்து வாங்குனது, பழைய டிவி மாதிரிகூட இல்ல." டிவியில் கோளாறு எதுவும் இல்லை. எச்டி பாக்ஸுக்கு மாறி, மூன்று நிற ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு எச்டிஎம்ஐ ஒயர் போட்டு, எச்டி சேனல்களாகக் கட்டிக்கொள்ளுங்கள். டிவிக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். அது முடியாது, எஸ்டிதான் என்றால் 55 எடுங்கள், அப்பா உங்களைத் திட்டமாட்டார்.

அடுத்து அந்த எழுத்துக் குழப்பம். எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் எல்சிடி பேனல்தான்; பின்னால் விளக்கு எல்இடி, அவ்வளவு. க்யூஎல்இடி என்றால் அதே எல்சிடிக்கும் விளக்குக்கும் நடுவில் நிறத்தைத் துலக்கிக் காட்ட ஒரு குவாண்டம் டாட் படலம். மினி எல்இடி என்றால் பின்னால் இருக்கிற விளக்குகள் பொடிப்பொடியாக, நிறைய எண்ணிக்கையில், பகுதி பகுதியாக அணைத்து ஏற்றக்கூடியவை. இரவுக் காட்சியில் ஒரு மூலையில் நிலா இருந்தால் அங்கே மட்டும் விளக்கு எரியும், மற்ற இடம் இருட்டும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் அமாவாசைக் கறுப்பு. 2013-இல் 55 இன்ச்சில் கடைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை சினிமா பார்க்க இதை மிஞ்சிய வீட்டு டிவி இல்லை என்பது என் எண்ணம்.

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்பேன். காரணம் அப்பாவின் செய்தி சேனல். ஒரே மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதன்மேல் ஓடும் வரி, காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை. பிளாஸ்மா டிவி இருந்த காலத்தில் சேனலை மாற்றிய பிறகும் பழைய சேனலின் லோகோ பேய் மாதிரி நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்மாவை 2014 வாக்கில் பெரிய கம்பெனிகள் எல்லாம் நிறுத்திவிட்டன, ஆனால் அதே நோய் ஓஎல்இடிக்கும் உண்டு. முன்பைவிட எவ்வளவோ தேவலை, அதற்கான மருந்தையும் டிவிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்: ரிமோட்டில் அணைத்த பிறகு ஸ்டாண்ட்பையில் இருந்தபடி தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ரிமோட்டை அமுக்கிய கையோடு சுவர் ஸ்விட்சையும் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறோம். மருந்து தொண்டைக்குள் இறங்குவதே இல்லை. தினம் ஒரு படம், இருட்டு அறை, ஒருவரோ இருவரோ பார்ப்பது என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓஎல்இடி வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆக, 65 இன்ச் மினி எல்இடி. பகலில் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலுக்கு அதன் வெளிச்சம் தேவை. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டுவது) என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்று அளப்பார்கள்; 250, 300 நிட்ஸ் தருகிற டிவியில் எச்டிஆர் படம் மங்கலாகத்தான் தெரியும். 600-க்கு மேலாவது இருக்க வேண்டும். மினி எல்இடியிலும் ஒரு குறை உண்டு: கறுத்த காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒரு வெளிச்சம் கசியும். பகுதிகள் அதிகமாக இருந்தால் கசிவு குறையும்.

கடையில் பார்க்கும்போது அவர்கள் ஓட்டுகிற மயில், பழக்கூடை, எரிமலை வீடியோவைப் பார்க்காதீர்கள். அது எந்த டிவியிலும் நன்றாக இருக்கும்படி எடுத்தது. ஒரு பென் டிரைவில் நீங்கள் நன்றாக அறிந்த படத்தின் ராத்திரிக் காட்சி ஒன்றைக் கொண்டுபோங்கள். பட அமைப்பை 'விவிட்'டிலிருந்து 'மூவி' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றச் சொல்லுங்கள். முகம் சற்று மஞ்சளாகத் தெரியும், பயப்படாதீர்கள், அதுதான் சரியான நிறத்துக்குப் பக்கம். பிறகு டிவிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில், உங்கள் வீட்டில் தரையில் பாய் போட்டு உட்காருகிறவர் இருக்கும் கோணத்துக்குப் போய்ப் பாருங்கள். எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ பேனலாக இருந்தால் நேரே கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்தில் நிறம் வெளிறும். ஐபிஎஸ் பேனல் பக்கத்தில் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகிவிடும். கூட்டமாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிற வீடா, எதிரே உட்கார்ந்து படம் பார்க்கிற வீடா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

'மோஷன் ரேட் 240' போன்ற எண்களை விட்டுவிடுங்கள். பேனல் உண்மையில் 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா, அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகளிடம் புது கேம் பெட்டி இருந்தால் 120-ம் எச்டிஎம்ஐ 2.1-ம் வேண்டும், இல்லாவிட்டால் 60 போதும். விலையைப் பொறுத்தவரை ஒரு நல்ல விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு வருவோம். நம் ஊரில் டிவியைக் கோயில் கோபுரம் போல அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மாட்டுகிறார்கள். ஷோகேஸுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஐந்தடியில். ஒரு மாதத்தில் பிடரி வலி வந்து தைலம் தேய்ப்பார்கள், டிவியைச் சந்தேகப்படமாட்டார்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து நாற்பது, நாற்பத்திரண்டு இன்ச் உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். 65 இன்ச் டிவியின் உயரம் 32 இன்ச் என்பதால், கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டேகால் அடிக்குள் வரும். தாழ்வாக இருக்கிறதே என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

65 இன்ச் எல்இடி டிவி இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ இருக்கும். செங்கல் சுவர், கான்கிரீட் என்றால் கவலையில்லை. ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (எடை குறைந்த கல்) சுவரில் ஸ்க்ரூவுக்குச் செருகுகிற சாதாரண ரவல் பிளக் போட்டால் கொஞ்ச நாளில் ஓட்டை வாயைப் பிளக்கும். அந்தச் சுவருக்கென்றே வருகிற ஆங்கர் கேட்டு வாங்குங்கள். மாட்ட வருகிற பையன் அவசரத்தில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போவான், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். சுவரின் மறுபக்கம் பாத்ரூமா என்றும் பாருங்கள். ஓதம் ஏறிய சுவரில் மாட்டிய டிவியைக் கழற்றினால் பின்பக்கம் ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்து இருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் கடலோர வீடுகளில் இந்த வேலையை உப்புக்காற்றே செய்துவிடும். அங்கே தினமும் இரண்டு மணி நேரமாவது டிவி ஓடினால் நல்லது, உள்ளே இருக்கிற சூட்டில் ஈரம் காயும்.

ஸ்டெபிலைசர் பற்றி. டிவியின் பின்பக்க லேபிளைப் படியுங்கள். நிறைய மாடல்களில் 100-240 வோல்ட் என்று இருக்கும். அப்படியென்றால் வோல்டேஜ் குறைவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஸ்டெபிலைசரை ஃப்ரிட்ஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிவியைக் கொல்வது குறைவு அல்ல, மிகை. சில வருடம் முன்பு ஐப்பசி மழையில் ஒரு தெருவில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் லைன் மட்டும் அறுந்தது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 400-ஐ நெருங்கி வரக்கூடும். மறுநாள் காலையில் அந்த ஒரே தெருவிலிருந்து பதினோரு டிவி என் கடை வாசலில் வந்து நின்றது. ஒன்பதில் பவர் போர்டோடு போயிற்று, பிழைத்தது. இரண்டில் பேனல் வரைக்கும் பாய்ந்துவிட்டது. ஆகவே வீட்டுக்குக் கரண்ட் வருகிற மெயின் ஸ்விட்ச் போர்டில் ஓவர் வோல்டேஜில் கட்டாகிற ஒரு புரொடெக்டர் போடச் சொல்லுங்கள். டிவிக்கு ஒரு நல்ல ஸ்பைக் கார்டு. அது வேலை செய்ய எர்த் இருக்க வேண்டும். மூன்று ஓட்டை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள்.

இடிமழை வரும்போலத் தெரிந்தால் ஸ்விட்சை அணைப்பது போதாது, இடி நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள். கூடவே கேபிள் ஒயர், இன்டர்நெட் ஒயர். மின்னல் கரண்ட் வழியாகத்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் செத்துப்போன டிவிகள் ஐப்பசி, கார்த்திகையில் வரிசையாக வரும்.

துடைப்பது. இதைப் படித்துவிட்டு வேறெதையும் மறந்தாலும் பரவாயில்லை. ஆயுத பூஜை அன்று ஒரு வீட்டில் டிவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், திரையின் மேல் விளிம்பில் மூன்று இடத்தில். மறுநாள் அந்த வீட்டம்மா ஈரத்துணியைப் பிழிந்தும் பிழியாமலும் துடைத்திருக்கிறார். தண்ணீர் கண்ணாடி வழியே வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கிவிட்டது. அந்த விளிம்புக்குள்தான் பேனலையும் போர்டையும் இணைக்கிற, ரிப்பன் போன்ற மெல்லிய ஃபிலிம்கள் ஒட்டியிருக்கும். சாயங்காலம் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சையாக ஒரு கோடு. இரண்டு நாளில் ஏழு கோடு. "தம்பி, சாமிக்குத்தானே வச்சேன்" என்றார். வாரண்டியில் தண்ணீர் பட்டால் கிடையாது. பொட்டு வைக்க வேண்டுமென்றால் பின்பக்க மூடியிலோ ஸ்டாண்டிலோ வையுங்கள். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கறை போகவில்லை என்றால் துணியை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், திரையில் எதையும் தெளிக்காதீர்கள். கண்ணாடி ஜன்னல் துடைக்கிற நீலத் தண்ணீர் கூடவே கூடாது, மேற்பூச்சைத் தின்றுவிடும்.

பல்லியைப் பற்றி எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது. டிவியின் பின்பக்கச் சூடு அதற்குப் பிடிக்கும். காற்றுத்துளை வழியே உள்ளே போய்ப் பவர் போர்டில் குறுக்கே படுத்தால் இருவரும் காலி. துளைகளை டேப் போட்டு அடைக்காதீர்கள், சூடு வெளியே போகாது. பின்பக்கத்தை மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள், அப்படித் தட்டுகிற வீட்டில் பல்லி குடித்தனம் வைக்காது.

டிவி வந்த முதல் நாளே அமைப்பில் போய்ப் பேக்லைட்டை நூறிலிருந்து அறுபது, எழுபதுக்கு இறக்குங்கள். எங்களுக்கு வரும் வேலையில் 'சத்தம் வருது, படம் வரல' என்பதுதான் முதலிடம். டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தால் உள்ளே படம் மங்கலாக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். பேனல் நலமாக இருக்கிறது, விளக்குதான் போய்விட்டது. சாதாரண எல்இடி டிவியில் அந்த விளக்குப் பட்டிகள் திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒன்று அறுந்தால் மொத்தமும் அணையும். மாற்ற வேண்டுமென்றால் கண்ணாடியைத் தனியாகத் தூக்க வேண்டும், 65 இன்ச்சில் அதற்கு இரண்டு பேர் வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு. வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டினால் அந்த நாள் தள்ளிப்போகும். கூடவே 'மோஷன் ஸ்மூத்திங்' வகையறா எந்தப் பெயரில் இருந்தாலும் படம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். நடுவில் டிவி கற்பனையாக பிரேம் செருகினால் பெரிய பட்ஜெட் படமும் மதிய நேரச் சீரியல் மாதிரி வழுக்கும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம்: இவ்வளவு ஒல்லியான பெட்டியில் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை. வசனம் புரியவில்லை என்று அப்பா சொல்வார், காதைக் குறை சொல்லாதீர்கள். ஒரு சவுண்ட்பார் (திரைக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர்) வாங்கி, எச்டிஎம்ஐயில் ஏஆர்க் (ARC) என்று எழுதிய துளையில் செருகுங்கள். ஸ்மார்ட் மென்பொருள் நாலு வருடத்தில் ஆமையாகிவிடும், அப்போது டிவியை மாற்றாமல் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகிக்கொள்ளலாம். கரண்ட்: 150 வாட் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 54 யூனிட். 

டெலிவரி அன்று வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பெட்டி நின்றபடியே வர வேண்டும். படுக்கப் போட்டு, மேலே இன்னொரு சாமான் ஏற்றிக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து போனில் வீடியோ எடுங்கள், கரண்ட் கொடுத்துப் படம் வருவதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. தூக்கும்போது விரல் திரையில் படக் கூடாது, ஃபிரேமின் கீழ்ப்பக்கத்தையும் பக்கவாட்டையும் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியையும் தெர்மகோலையும் பழைய சாமான் வாங்குகிறவரிடம் போட்டுவிடாதீர்கள். வீடு மாறும்போது போர்வை சுற்றி ஆட்டோவில் ஏற்றி உடைத்த கண்ணாடிகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். பரணில் இடமில்லை என்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தி வைத்துவிடலாம்.